சித்திரையில் ஏறிய வியூஸ், புரட்டாசியில் எழும் கேள்வி

கேள்வி: கோவையில் நான்கு பேரை வைத்துச் சிறிய டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம் நடத்துகிறேன். ஈரோட்டுப் பக்கம் கல்யாணப் பட்டு விற்கும் ஜவுளிக்கடை ஒன்றின் இன்ஸ்டாகிராம், யூடியூப் பக்கங்களை ஒன்றரை வருடமாகப் பார்த்துக்கொள்கிறோம். 2025 ஏப்ரல் மாத ரிப்போர்ட்டில் யூடியூப் ஷார்ட்ஸ் எனும் குட்டி வீடியோக்களின் வியூஸ் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. எங்கள் புதிய வீடியோ உத்திக்குக் கிடைத்த பலன் என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி சந்தோஷப்பட்டு மாதக் கட்டணத்தில் ஐயாயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்தார். யூடியூப் எண்ணும் முறையையே மாற்றிவிட்டது என்பதை மே மாதம்தான் படித்தேன். அவரிடம் சொல்லவில்லை. இப்போது செப்டம்பர் ரிப்போர்ட் இறங்கிவிட்டது. இன்ஸ்டாகிராமில் இம்ப்ரெஷன் (பதிவு எத்தனை முறை திரையில் காட்டப்பட்டது) என்ற கட்டமே காணோம், என்கேஜ்மென்ட் ரேட் (லைக், கமென்ட் போன்றவற்றின் சதவீதம்) பாதியாகத் தெரிகிறது. “ஏனம்மிணி, சித்திரையில மலையேறுன கணக்கு புரட்டாசியில பள்ளத்துல கெடக்குதே, வேலை பார்க்கறீங்களா இல்லையா?” என்று கேட்கிறார். அல்காரிதம் (யாருக்கு எதைக் காட்டுவது என்று தளம் முடிவுசெய்யும் முறை) மாறிவிட்டது என்று சொன்னால் போதுமா? இந்த மாற்றங்களையெல்லாம் அறுபது வயதுக்காரரிடம் எப்படி விளக்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மே மாதம் தெரிந்தும் சொல்லவில்லை என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் எனக்கு வேலை எளிதாகிறது, உங்களுக்கும் வழி திறக்கிறது. அல்காரிதம் என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து அவர் முன்னால் எடுக்காதீர்கள். ஏறியபோது உங்கள் உத்தி, இறங்கியபோது அல்காரிதம் என்றால், ஐம்பது வருடம் கல்லாவைப் பார்த்தவர் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிடுவார்.

முதலில் நடந்தது என்ன என்பதை உங்களுக்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஏப்ரலில் மூன்று காரியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

யூடியூப் 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் வியூஸை எண்ணும் விதத்தை மாற்றியது. அதுவரை ஒரு ஷார்ட்டை ஒருவர் குறிப்பிட்ட சில நொடிகளாவது பார்த்தால்தான் ஒரு வியூ. அன்றிலிருந்து வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. திரும்ப ஓடினால் இன்னொன்று. குறைந்தபட்ச நேரம் என்ற பேச்சே இல்லை. கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் உங்கள் பட்டுப்புடவையைக் கண்ணால் பார்த்தாரோ இல்லையோ, அவரும் கணக்கில் வந்துவிட்டார். பழைய முறையில் எண்ணுவதை யூடியூப் தூக்கி எறிந்துவிடவில்லை. அதற்கு என்கேஜ்டு வியூஸ் என்று பெயர் வைத்து உள்ளே வைத்திருக்கிறது. ஷார்ட்ஸ் போடுகிறவர்களுக்கு வருமானமும், அதைப் பெறும் தகுதியும் இன்றுவரை அந்தப் பழைய எண்ணை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. பணம் கொடுக்க எந்த எண்ணை நம்புகிறார்கள் என்று பாருங்கள், அதுவே ஒரு பாடம்.

இன்ஸ்டாகிராமிலும் ஏறக்குறைய அதே நேரம்தான். ரீல்ஸ், போட்டோ, ஸ்டோரி எல்லாவற்றுக்கும் வியூஸையே முதன்மை அளவாக வைக்கப்போகிறோம் என்று அதன் தலைவர் ஆடம் மொசேரி 2024 ஆகஸ்டிலேயே அறிவித்திருந்தார். 2025 ஏப்ரலில், வெளிக் கருவிகள் மூலம் இம்ப்ரெஷன் கணக்கை எடுக்கும் வழியும் மூடப்பட்டது. உங்கள் ரிப்போர்ட்டில் அந்தக் கட்டம் காணாமல் போனதற்கு இதுதான் காரணம். நீங்களோ உங்கள் ஆட்களோ எதையும் அழித்துவிடவில்லை.

மூன்றாவது காரியத்தை நீங்கள் எழுதவே இல்லை, ஆனால் உங்கள் முதலாளி அவரை அறியாமலேயே சொல்லிவிட்டார்: சித்திரை, புரட்டாசி. கல்யாணப் பட்டு விற்கிற கடைக்குச் சித்திரை, வைகாசி எப்படிப்பட்ட மாதங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முகூர்த்தப் புடவை தேடுகிறவர்கள் ஒரு வீடியோவை நான்கு முறை பார்ப்பார்கள், அத்தைக்கும் சித்திக்கும் அனுப்புவார்கள். புரட்டாசியில் நம் பக்கம் கல்யாணமே வைப்பதில்லை. செப்டம்பரில் பாதி புரட்டாசி. முகூர்த்த மாதத்தையும் முகூர்த்தமில்லாத மாதத்தையும் ஒரே கோட்டில் வரைந்து, இறங்கிவிட்டது என்று நீங்களும் பயந்து அவரையும் பயமுறுத்தியிருக்கிறீர்கள்.

எண் மாறினால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அளக்கப்படும் பொருள் மாறியதா, அளக்கும் படி மாறியதா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, பல வருடம் கைகொடுத்த வழி. எண்ணும் விதத்தை நிறுவனம் தொடாத கணக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கமென்ட், சேவ், ஷேர், புதிதாக வந்த ஃபாலோயர். வியூஸ் மட்டும் ஒரு குறிப்பிட்ட தேதியில் படிக்கட்டுபோல் செங்குத்தாக ஏறி, மற்றவை அப்படியே இருந்தால் படிதான் மாறியிருக்கிறது. எல்லாமே சேர்ந்து சரிந்து, நீங்கள் பார்க்கும் மற்ற கிளையன்ட்களுக்கும் அதே வாரத்தில் அதே சரிவு என்றால், பதிவுகளை மக்களிடம் கொண்டுசெல்லும் விதத்தை அந்தத் தளம் மாற்றியிருக்கிறது. மற்றவர்கள் நன்றாக இருக்க, இந்தக் கடை மட்டும் சரிந்திருந்தால் பருவத்தைப் பாருங்கள், பிறகு உங்கள் வேலையைப் பாருங்கள். இதே வரிசையில் பாருங்கள். உங்கள் வேலை கடைசியில் வருகிறது என்பதற்காக அதைப் பார்க்காமல் விட்டுவிட வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் இதில் தவறியிருக்கிறேன். 2018 தொடக்கத்தில் ஃபேஸ்புக்கில் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. ஜனவரி 11 அன்று, கடைகள், பத்திரிகைகளின் பதிவுகளைவிட நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக மார்க் சக்கர்பெர்க் அறிவித்தார். அது உண்மையான மாற்றம், பக்கங்களின் பதிவுகள் போய்ச்சேரும் ஆட்களே குறைந்தார்கள். அடுத்த மாதம், ஒரு பதிவு திரையில் தெரிந்தால்தான் ரீச்சில், அதாவது பதிவு சென்றடைந்த ஆட்களின் கணக்கில், சேர்ப்போம் என்று எண்ணும் விதத்தையும் கறாராக்கினார்கள். அது படி மாற்றம். அப்போது வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஒருவருக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ரீச் விழுந்ததும் அவர் கேட்டார். “எண்ணும் முறை மாறியதுதான் சார், பார்க்கிறவர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள்” என்று சொன்னேன். பாதி உண்மை. கமென்டும் லிங்க் கிளிக்கும் சேர்ந்து விழுந்திருந்ததை நான் பார்க்காமல் பேசிவிட்டேன். மூன்று மாதம் கழித்து, கடைக்கு வரும் போன் அழைப்புகள் குறைந்துவிட்டதை அவரே கணக்கெடுத்து என் முன்னால் வைத்தார். பணத்தைச் சரியாகக் கொடுத்து, மரியாதையாகவே அனுப்பிவைத்தார். அந்த மரியாதைதான் இன்றும் உறுத்துகிறது.

உங்கள் என்கேஜ்மென்ட் ரேட் பாதியானதற்கு வருகிறேன். இது பெரும்பாலும் வகுக்கும் எண் செய்த வேலை. ஒரு எடுத்துக்காட்டுக்கு, ஒரு ரீல் 8,000 பேரைச் சென்றடைந்தது, லைக், கமென்ட், ஷேர், சேவ் எல்லாம் சேர்த்து 480 என்று வைத்துக்கொள்வோம். ரீச்சால் வகுத்தால் 6 சதவீதம். அதே ரீலை அந்த 8,000 பேர் திரும்பத் திரும்பப் பார்த்து வியூஸ் 15,000 ஆகியிருந்தால், வியூஸால் வகுக்கும்போது 3.2 சதவீதம். ரீல் அதுவேதான், ஆட்களும் அவர்களேதான். மீண்டும் பார்க்கிறார்கள் என்பது நல்ல செய்தி, அதுவே சதவீதத்தில் கெட்ட செய்தியாகத் தெரிகிறது. உங்கள் ரிப்போர்ட் கருவி எதனால் வகுக்கிறது, எந்த மாதத்திலிருந்து என்று பாருங்கள். இனிமேல் ரீச்சால் மட்டுமே வகுப்போம் என்று முடிவுசெய்து, பழைய மாதங்களையும் அதே முறையில் போட்டுப் பாருங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும். பழைய இம்ப்ரெஷன் எண்களைக் கருவியில் மறுபடி எடுக்க முடியாது என்பதால், நீங்கள் முன்பு அனுப்பிய பிடிஎஃப் ரிப்போர்ட்களைப் பத்திரமாக வையுங்கள்.

இனி அவருக்கு விளக்குவது. அறுபது வயதுக்காரருக்கு இது புரியாது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஜவுளிக்காரருக்குப் புரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் அளவு மாற்றம் புரியாது. மீட்டரும் கெஜமும் ஒன்றல்ல என்று உங்களுக்கே அவர் பாடம் எடுப்பார். நான் இப்படி ஒரு பெரியவரிடம் பேசியபோது அணாக் கணக்கைச் சொன்னேன். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 நயா பைசா வந்தது. நேற்று வரை 16 என்று எழுதிய இடத்தில் இன்று 100 என்று எழுதுகிறோம் என்பதற்காகக் கல்லாவில் இருந்த ரூபாய் ஆறு மடங்காகிவிடவில்லை. அவர் சிரித்துவிட்டு, “அப்ப எங்கப்பாரு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வெச்சிருந்தாரு” என்றார். அதேதான் நீங்களும் செய்ய வேண்டியது.

யூடியூப் ஸ்டுடியோவில் அனலிட்டிக்ஸுக்குள் அட்வான்ஸ்டு மோடைத் திறந்து, ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஷார்ட்ஸின் என்கேஜ்டு வியூஸை மாதவாரியாக எடுங்கள். மார்ச் வரைக்குமான வியூஸுக்கு நேராக ஒப்பிடத் தகுந்தது அதுதான். ஒரு தாளில் மார்ச் முடிகிற இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் பழைய கணக்கு. வலப்பக்கம் இரண்டு வரிசை: புது வியூஸ் ஒன்று, பழைய முறையில் இன்னொன்று. கோட்டைத் தாண்டி ஒரே கிராஃபாக இழுக்கவே வேண்டாம். அப்படி இழுத்த கிராஃப்தான் உங்களை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

பிறகு நேரில் போங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற விஷயம் இல்லை இது. மதியம் கடை ஓய்ந்திருக்கும் நேரம் நல்லது. அவர் மொழியிலேயே பேசுங்கள். நானாக இருந்தால் இப்படித் தொடங்குவேன்:

“ஐயா, ஏப்ரல்ல நான் குடுத்த ரிப்போர்ட்டுல ஒரு தப்பு இருக்குதுங்க. வீடியோ பார்த்தவங்க கணக்கு ரெண்டு மடங்கானதுக்கு எங்க வேலை மட்டும் காரணமில்லீங்க. அந்த மாசத்துலிருந்து யூடியூப்காரங்க எண்ணுற விதத்தையே மாத்திட்டாங்க. எனக்கு மே மாசமே தெரியும். அப்பவே சொல்லியிருக்கோணும், சொல்லலைங்க. பழைய முறையிலயே ஆறு மாசத்துக்கும் மறுபடி கணக்குப் போட்டுக் கொண்டாந்திருக்கேன், பாருங்க.”

இதற்கு மேல் ஒரு வாக்கியம்கூடச் சேர்க்காமல் தாளைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருங்கள். அவர் கோபப்படலாம். படட்டும். நியாயம்தான்.

அந்த ஐயாயிரம் ரூபாயைப் பற்றி அவர் எடுப்பதற்கு முன் நீங்களே எடுங்கள். பழைய முறையில் பார்த்தாலும் உண்மையான வளர்ச்சி இருக்கிறது என்றால், எவ்வளவு என்று காட்டி, கட்டணத்தை முடிவுசெய்வதை அவரிடமே விட்டுவிடுங்கள். வளர்ச்சியே இல்லையென்றால், அடுத்த மாதத்திலிருந்து பழைய கட்டணம் போதும் என்றும், ஏற்கெனவே வாங்கிய கூடுதலுக்கு வேலையாகச் செய்து தருகிறேன் என்றும் சொல்லுங்கள். நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவரிடம் இதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தொழிலில் இது எவ்வளவு பெரிய விஷயமாகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2016 செப்டம்பரில், வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கைச் சுமார் இரண்டு வருடமாக மிகையாகக் காட்டிவந்ததை ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. 3 நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை வகுக்கும் எண்ணில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அதனால் சராசரி வீங்கியது. விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டு, 2019இல் 4 கோடி டாலருக்குச் சமரசமானது. அங்கேயும் வகுக்கும் எண்தான். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குப் பணத்தோடு போயிற்று. உங்களைப் போன்ற சிறிய நிறுவனத்துக்குப் பேர் போனால் அந்த ஊரில் அடுத்த கடைக்காரர் கதவைத் திறக்க மாட்டார்.

மாற்றம் ஒவ்வொன்றையும் சொன்னால் கிளையன்ட் குழம்ப மாட்டாரா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டாம். அவர் ரிப்போர்ட்டில் இருக்கிற ஒரு எண்ணைத் தொடுகிற மாற்றம் என்றால் மட்டும், அவர் கேட்பதற்கு முன்னால், அந்த மாதமே சொல்லுங்கள். நமக்குச் சாதகமான மாற்றத்தை இரண்டு மடங்கு சத்தமாகச் சொல்லுங்கள். “இந்த மாதம் எண் ஏறும், ஏமாந்துவிடாதீர்கள்” என்று ஏப்ரலில் சொன்னவள் “இந்த மாதம் எண் இறங்கியிருக்கிறது, பயப்பட வேண்டாம்” என்று அக்டோபரில் சொன்னால் நம்புவார்கள். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்குக் கீழேயும் அது எப்படி எண்ணப்படுகிறது என்று ஒரே ஒரு வரி தமிழில் எழுதுங்கள். விளம்பரத்துக்குப் பணம் கட்டி வந்ததையும் தானாக வந்ததையும் ஒரே எண்ணாகக் கூட்டாதீர்கள். அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள்: எந்தத் தேதியில் எந்தத் தளம் எதை மாற்றியது, அன்று நாம் என்ன பதிவு போட்டோம், என்ன பண்டிகை, எவ்வளவு செலவு. ஆறு மாதம் கழித்து உங்களைக் காப்பாற்றுவது அந்த நோட்டுதான்.

அடுத்த ரிப்போர்ட்டுக்கும் இப்போதே தயாராகுங்கள். சென்ற வருடம், 2024இல், தீபாவளி அக்டோபர் 31. இந்த வருடம், 2025இல், அக்டோபர் 20. அதாவது 2024 அக்டோபர் முழுக்கத் தீபாவளிக்கு முந்தைய பரபரப்பு. 2025 அக்டோபரில் பத்து நாளுக்கு மேல் பண்டிகை முடிந்த பிறகான ஓய்வு. மாதத்தோடு மாதத்தை ஒப்பிட்டால் இந்த வருடம் நிச்சயம் அடிவாங்கியதுபோல் தெரியும். தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரத்தைச் சென்ற வருடத்தின் தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரத்தோடு வைத்துப் பாருங்கள். புரட்டாசியைப் புரட்டாசியோடு. ஆங்கில மாதக் கணக்கில் ஜவுளி வியாபாரம் நடப்பதில்லை.

கடைசியாக ஒன்று, எனக்கு இதில் மிகவும் பிடிவாதம் உண்டு. எந்த நிறுவனமும் அமெரிக்காவில் உட்கார்ந்து மாற்றிவிட முடியாத ஒரு அளவாவது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். நான் பத்திரிகை விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த காலத்திலும் இதே சிக்கல் இருந்தது. விற்ற பிரதி ஒரு எண், வாசித்தவர் இன்னொரு எண். டீக்கடைக்கு வரும் ஒரே பேப்பரைக் காலையிலிருந்து இருபது பேர் புரட்டுவார்கள். எந்த எண்ணைச் சொல்லி விளம்பரம் கேட்பது என்று விவாதம் ஓயாது. விளம்பரம் கொடுத்த கடைக்காரர்களில் கெட்டிக்காரர் ஒருவர் எங்கள் இரண்டு எண்களையுமே கேட்க மாட்டார். விளம்பரம் வந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தவர்களை, “எதைப் பார்த்துட்டு வந்தீங்க?” என்று தன் ஆளை விட்டுக் கேட்கச் சொல்வார்.

உங்கள் முதலாளியின் பில் கவுன்டரிலும் ஒரு நோட்டு வையுங்கள். புடவை வாங்கியவரிடம் அந்த ஒரே கேள்வி. இன்ஸ்டா, யூடியூப், தெரிந்தவர் சொல்லி, வழக்கமாக வருகிறவர், வழியில் பார்த்து. ஒரு கோடு போட்டால் போதும். வாட்ஸ்அப்பில் விலை கேட்டு வந்தவர்கள் எத்தனை, அதில் வாங்கியவர்கள் எத்தனை என்பதையும் அதே நோட்டில் சேருங்கள். முதல் மாதம் பாதிப் பேரிடம் கேட்க மறந்துவிடுவார்கள், பரவாயில்லை. கட்டணம் கூட்டுவது, குறைப்பது என்ற பேச்சு இனி எழுந்தால் அந்த நோட்டை வைத்துப் பேசலாம். வியூஸ் இத்தனை சதவீதம் ஏற்றித் தருகிறேன் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். அடுத்தவர் மாற்றக்கூடிய படியை வைத்து நாம் அளந்து தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது.

போகும்போது அந்தக் கோடு போட்ட தாளோடு, ஏப்ரலில் நீங்கள் கொடுத்த பழைய ரிப்போர்ட்டின் பிரதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்துவிட்டால் அவருக்கு உங்களோடு உட்கார நேரம் இருக்காது. இந்த வாரமே போய்விடுங்கள்.